ஒற்றை எழுத்து

இலக்கணம் என்றால் எனக்குப் பள்ளிக்கூட நாட்களிலிருந்தே ஒருவகைப் பயம் உண்டு. எட்டு வேற்றுமைகளையும் வரிசை தப்பாமல் ஒப்பிக்கச் சொன்ன வாத்தியாரின் பிரம்பு இன்னும் என் கண்முன் நிற்கிறது. அப்படிப்பட்ட நான் ஒரு வேற்றுமை உருபைப் பற்றி, அதிலும் அந்நிய பாஷை ஒன்றின் உருபைப் பற்றி, எழுதத் துணிந்திருக்கிறேன் என்றால் அதற்கு எங்கள் தெருப் பையன் ஒருவன்தான் பொறுப்பு.

பையன் வைத்தியம் படிப்பதற்காக உக்ரேன் நாட்டுக்குப் போயிருந்தான். கார்க்கிவ் என்பது அவன் படித்த ஊர். அந்த நாட்டின் இரண்டாவது பெரிய நகரம் அது. ருஷ்ய எல்லைக்கு மிகவும் அருகில் இருக்கிறது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி ருஷ்யப் படைகள் உக்ரேனுக்குள் புகுந்தன. கார்க்கிவ் நகரத்து ஜனங்கள் சுரங்க ரயில் நிலையங்களுக்குள் இறங்கி உயிரைக் காத்துக்கொண்டார்கள். அவர்களோடு நம் பையனும் சில இரவுகளைக் கழித்துவிட்டு, ரயிலும் நடையுமாக எல்லையைக் கடந்து, மார்ச் மாதத்தில் ஊர் வந்து சேர்ந்தான். பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். குண்டுச் சத்தம், குளிர், பசி ஆகியவற்றைப் பற்றிச் சொல்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் சொன்னதோ வேறு விஷயம்.

"மாமா, அந்த ஊரில் முதன் முதலாக என்னை அதட்டியது யார் தெரியுமா? நான் குடியிருந்த வீட்டுக்காரப் பாட்டிதான்" என்றான்.

"ஏன்? வாடகை பாக்கியா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்லை. 'நான் உக்ரேனில் படிக்கிறேன்' என்று ருஷ்ய பாஷையில் சொன்னேன். பழைய பாடப் புத்தகத்தில் கற்றுக்கொண்டபடி 'நா உக்ரைனே' என்றேன். பாட்டிக்குக் கோபம் வந்துவிட்டது. 'நா என்று சொல்லாதே. வ் என்று சொல்!' என்றாள். இத்தனைக்கும் அந்தப் பாட்டியின் தாய்பாஷையே ருஷ்யன்தான், மாமா! அவள் கனவு காண்பதுகூட ருஷ்ய பாஷையில்தான்!"

ருஷ்ய பாஷையில் 'வ்' என்பது ஒற்றை எழுத்து. ஓர் இடத்துக்கு 'உள்ளே' என்று பொருள். 'நா' என்றால் 'மேலே'. வீட்டில் என்பதற்கும் வீட்டின்மேல் என்பதற்கும் நம் பாஷையில் உள்ள வித்தியாசம் போன்றதுதான். இதற்குப் போய் ஒரு கிழவி ஏன் கோபித்துக்கொள்ள வேண்டும்? இந்தக் கேள்வி என்னை விடவில்லை. நான் ருஷ்ய பாஷையில் பண்டிதன் அல்லன். நாவல்களை மொழிபெயர்ப்பில் படித்து, அவற்றில் வரும் நீண்ட நீண்ட பெயர்களில் தடுக்கி விழுந்தவன். ஆனால் அன்று முதல் அந்த நாட்டுச் சரித்திரத்தைப் புரட்டலானேன். அங்கே ராஜ்யங்கள் கவிழ்ந்தபோதெல்லாம் சின்னஞ் சிறு சொற்களும் கூடவே கவிழ்ந்திருக்கின்றன என்பதைக் கண்டேன்.

முதலில் 'நீ'யும் 'நீங்கள்'உம்.

நம்மைப் போலவே ருஷ்யர்களுக்கும் இரண்டு சொற்கள் உண்டு. 'தி' என்றால் நீ. 'வி' என்றால் நீங்கள். தாயும் பிள்ளையும் 'தி' என்று அழைத்துக்கொள்வார்கள். பிரார்த்தனையில் கடவுளையும் 'தி' என்றுதான் அழைப்பார்கள். அன்பின் சொல் அது. ஆனால் ஜார் காலத்து ராணுவத்தில் அதிகாரி சிப்பாயை 'தி' என்பான். சிப்பாயோ அதிகாரியை 'மேன்மை தங்கிய பிரபுவே' என்ற தோரணையில் அழைக்க வேண்டும். ஒரே சொல் வீட்டில் முத்தமாகவும் பாசறையில் சவுக்காகவும் இருந்தது. இது நமக்குப் புரியாத சங்கதி அல்ல. 'டேய்' என்ற சொல் யார் வாயிலிருந்து யாரை நோக்கி வருகிறது என்பதைப் பொறுத்து எத்தனை மாறிவிடுகிறது!

1917-ஆம் ஆண்டு, பழைய நாட்காட்டிப்படி மார்ச் முதல் தேதியன்று, பெத்ரோகிராத் நகரத்துத் தொழிலாளர், சிப்பாய்களின் சோவியத்து தனது முதலாவது கட்டளையைப் பிறப்பித்தது. அதற்கு மறுநாள்தான் ஜார் நிக்கலாஸ் முடி துறந்தார். ஆயுதங்கள் யார் பொறுப்பில் இருக்க வேண்டும், யார் உத்தரவுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்றெல்லாம் பெரிய விஷயங்களைச் சொன்ன அந்தக் கட்டளை, கடைசியில் இதையும் சொன்னது: அதிகாரிகளின் பட்டப் பெயர்கள் ரத்து, எந்தச் சிப்பாயையும் 'தி' என்று அழைக்கக் கூடாது. ரொட்டிக்கும் சமாதானத்துக்கும் தவித்துக்கொண்டிருந்த மனிதர்கள், 'எங்களை நீங்கள் என்று சொல்' என்பதையும் அவற்றோடு சேர்த்துக் கேட்டார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவமானமும் ஒருவகைப் பசிதான் போலும்.

இந்த வெற்றி எத்தனை நாள் நிலைத்தது? பழைய சொற்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. புரட்சிக்காரர்கள் 'மந்திரி' என்ற சொல்லையே அருவருத்து, 'மக்கள் கமிஸார்' என்று வைத்தார்கள்; 1946-இல் கமிஸார்கள் மறுபடியும் மந்திரிகள் ஆனார்கள். பிய்த்தெறியப்பட்ட ராணுவத் தோள்பட்டைகள் 1943-இல் மீண்டும் தோளில் ஏறின. 'தி'யும் வந்தது. கட்சியின் மேலதிகாரி கீழே இருப்பவனைத் தோழமையோடு 'தி' என்பார். கீழே இருப்பவனோ பணிவோடு 'வி' என்பான். ஜார் போனார், சொல் மட்டும் வேறு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது.

'தவாரிஷ்' என்ற சொல்லின் கதை இன்னும் உருக்கமானது. 'தோழர்' என்று நாம் மொழிபெயர்க்கிறோமே, அதுதான். துருக்கிய பாஷைகளிலிருந்து வந்த சொல், வியாபாரத்தில் கூட்டாளி என்ற பொருளில் தொடங்கியது என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். சோவியத்து ஆட்சியில் ஆண், பெண், அமைச்சர், தெருப் பெருக்குகிறவர் எல்லாருக்கும் அது பொதுவான அழைப்பு ஆயிற்று. எவ்வளவு அழகான ஏற்பாடு! ஆனால் ஒருவனைக் கைது செய்துவிட்டால், அந்த நிமிஷத்திலிருந்து அவன் அதிகாரியைத் 'தவாரிஷ்' என்று அழைக்கக் கூடாது. 'கிரஷ்தானின்', அதாவது 'பிரஜையே', என்றுதான் அழைக்க வேண்டும். பழக்க தோஷத்தால் 'தோழரே' என்று சொல்லிவிட்டால், "தம்போவ் காட்டு ஓநாய்தான் உனக்குத் தோழன்" என்று பதில் வரும். ருஷ்யாவில் இது பழமொழியாகவே ஆகிவிட்டது. விலங்கு கையில் விழுவதற்கு முன்பே ஒரு சொல் பறிபோய்விடும். தான் இனிமேல் மனித சமூகத்துக்கு வெளியே என்பதை அவன் அப்போதே தெரிந்துகொள்வான்.

சொல்லால் ஒருவனை வெளியே தள்ளுவது இப்படி என்றால், சொல்லால் ஒரு கூட்டத்தையே அழிப்பது எப்படி என்று அடுத்தாற்போல் பார்க்கலாம்.

'குலாக்' என்ற ருஷ்யச் சொல்லுக்கு முஷ்டி என்று அர்த்தம். கிராமத்தில் வட்டிக்குக் கொடுத்து, பிறர் உழைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும் கஞ்சனைக் கிராமத்து ஜனங்களே அப்படி வைதார்கள். வசைமொழியாக இருந்தவரையில் அது பெரிய கெடுதல் செய்யவில்லை. 1929 டிசம்பரில், குலாக்குகளை ஒரு வர்க்கமாகவே ஒழித்துவிடப் போவதாக ஸ்டாலின் அறிவித்தார். வசைமொழி சட்டமொழி ஆயிற்று. அதன் பிறகுதான் தொல்லை முளைத்தது: யார் குலாக்? இரண்டு பசு வைத்திருப்பவனா? அறுவடைக்கு ஒரு கூலியாள் அமர்த்தியவனா? தகரக் கூரை போட்டவனா? சொல்லுக்கு எல்லை இல்லாததால் அதிகாரத்துக்கும் எல்லை இல்லாமற்போயிற்று. பரம ஏழை ஒருவன் தன் நிலத்தைக் கூட்டுப் பண்ணைக்குக் கொடுக்க மறுத்தால் அவனை எப்படி முஷ்டி என்பது? அதற்கும் ஒரு சொல் வைத்திருந்தார்கள்: 'பத்குலாச்னிக்', குலாக்கின் எடுபிடி. அவனிடம் கூரை இல்லாவிட்டாலும் இந்தப் பெயர் அவன் தலைமேல் விழுந்தது. 1930, 1931 ஆகிய இரண்டே ஆண்டுகளில் சுமார் 18 லட்சம் பேர், குழந்தை குட்டிகளோடு, சைபீரியா முதலிய தொலைவிடங்களுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். வழியிலும் போன இடத்திலும் மாண்டவர்கள் ஏராளம்.

அதைவிடப் பயங்கரமான இன்னொரு சொல் 'விராக் நரோதா', மக்களின் விரோதி. 1937, 1938 ஆகிய ஆண்டுகளில் ரகசியப் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டவர்கள் 6,80,000-க்கு மேல் என்று அரசாங்கத்தின் கணக்கேடுகளே சொல்லுகின்றன. 1956 பிப்ரவரி 25-ஆம் தேதி, கட்சியின் இருபதாவது மகாநாட்டில், கதவுகளைச் சாத்திக்கொண்டு குருஷ்சேவ் பேசினார். ஸ்டாலின் உண்டாக்கிய அந்தச் சொல் வந்தபின் குற்றத்தை ருஜுப்பிக்க வேண்டிய அவசியமே இல்லாமற்போய்விட்டது என்றார். அவர் அன்று சொன்னவற்றில் மிகக் கூர்மையானது இதுதான் என்பது என் எண்ணம். திருடன் என்றால் எதைத் திருடினான் என்று கேட்கலாம். விரோதி என்றால் எதைக் கேட்பது? ஆனால் குருஷ்சேவ் ஒரு விஷயத்தை மட்டும் மறைத்துவிட்டார், அல்லது மறந்துவிட்டார். அந்தச் சொல்லை உண்டாக்கியவர் ஸ்டாலின் அல்லர். 1917 நவம்பரிலேயே லெனின் அரசாங்கம் எதிர்க் கட்சி ஒன்றை மக்களின் விரோதிகளுடைய கட்சி என்று கட்டளை போட்டு அறிவித்திருந்தது. குற்றத்தைக் கண்டித்த அந்தப் பேச்சிலும் சொல்லின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் திருத்தப்பட்டிருந்தது!

இதுவரையில் சொன்னவை மனிதர்களுக்கு இட்ட பெயர்கள். இனி, பாட்டியின் கோபத்துக்கு வருகிறேன். அங்கே ஒரு பாஷைக்கே பெயர் மறுக்கப்பட்டது.

உக்ரேனை ஜார் அரசாங்கம் 'சின்ன ருஷ்யா' என்று அழைத்தது. 1863-இல் உள்நாட்டு மந்திரியாக இருந்த வாலுயேவ் ரகசியச் சுற்றறிக்கை ஒன்று அனுப்பினார். சின்ன ருஷ்ய பாஷை என்று தனியாக ஒன்று இருந்ததுமில்லை, இப்போது இல்லை, இருக்கவும் முடியாது என்ற கருத்தை அதில் எடுத்துக் காட்டி, அந்தப் பாஷையில் பாமர ஜனங்களுக்கான புத்தகங்களையும் சமய நூல்களையும் அச்சிடுவதைத் தடுத்தார். இல்லாத பாஷையை எதற்காகத் தடை செய்ய வேண்டும் என்று மந்திரியை யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது! 1876-இல் ஜார் இரண்டாம் அலெக்ஸாந்தர் ஜெர்மனியில் எம்ஸ் என்ற ஊரில் நீராடி உடம்பைத் தேற்றிக்கொண்டிருந்தபோது இன்னும் கடுமையான உத்தரவில் கையெழுத்திட்டார். புத்தகம் கூடாது, மொழிபெயர்ப்பு கூடாது, நாடகம் கூடாது, வெளிநாட்டில் அச்சான புத்தகத்தைக் கொண்டுவரவும் கூடாது. அந்த உத்தரவில் அது 'பாஷை' அல்ல, வெறும் 'பேச்சுவழக்கு'. ருஷ்ய அறிஞர்கள் எல்லாருமே இதற்குத் தலையாட்டினார்கள் என்று நினைத்தால் தவறு. 1905-இல் பேரரசின் விஞ்ஞானக் கழகமே இந்தத் தடைகளை நீக்க வேண்டும் என்று விரிவான அறிக்கை கொடுத்தது. அந்த அறிக்கையும் ருஷ்ய பாஷையில்தான் எழுதப்பட்டது என்பதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1991-இல் சோவியத்து ஐக்கியம் கலைந்தது. அந்த ஆண்டு டிசம்பர் முதல் தேதி நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் உக்ரேன் சுதந்திர நாடாக இருக்க வேண்டும் என்றார்கள். அப்போதுதான் ஒற்றை எழுத்து வழக்கு மன்றத்துக்கு வந்தது. ருஷ்ய பாஷையில் பெரும்பாலான நாடுகளுக்கு 'வ்' போடுவார்கள்: இந்தியாவுக்கு 'வ்', போலந்துக்கு 'வ்', ருஷ்யாவுக்கும் 'வ்'. தீவுகளுக்கும் மலைப் பிரதேசங்களுக்கும் 'நா' வரும்: காக்கஸஸ் மலைக்கு 'நா', உரால் மலைக்கு 'நா'. உக்ரேனுக்கும் 'நா'! அப்படியானால் நாங்கள் நாடா, அல்லது உங்கள் ராஜ்யத்தின் ஒரு மூலையா என்று உக்ரேனியர்கள் கேட்டார்கள். 1993-இல் உக்ரேன் அரசாங்கம் இனிமேல் 'வ்' என்று வழங்கும்படி கேட்டுக்கொண்டது.

ருஷ்யர்கள் பலர் முகம் சுளித்தார்கள். அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 'நா' என்பது தலைமுறை தலைமுறையாக வந்த வழக்கு. கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல் அப்படிச் சொல்லி வந்தவர்களே அதிகம். கியூபாவும் சுதந்திர நாடுதான். தீவானபடியால் அதற்கும் 'நா'தான் வருகிறது. உக்ரேனின் மகாகவி ஷெவ்செங்கோவே தமது கவிதைகளில் ஓரிடத்தில் 'நா' என்றும் வேறோர் இடத்தில் 'வ்' என்றும் எழுதியிருக்கிறார். ஆக, இலக்கணப் புத்தகத்தைப் புரட்டி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. ஆனால் வழக்கே இலக்கணத்தைப் பற்றியது அல்லவே! ஒருவன், "என்னை இந்தப் பெயரால் அழையுங்கள்" என்று கேட்கும்போது, "உன் பெயரை உன்னைவிட எனக்கு நன்றாகத் தெரியும்" என்று சொல்லலாமா என்பதுதான் வழக்கு. நாளடைவில் அந்த ஒற்றை எழுத்து மனிதர்களைத் தரம் பிரிக்கும் தராசாயிற்று. வாயைத் திறந்து 'உக்ரேனில்' என்று சொன்னால் போதும். சொன்னவர் எந்தப் பக்கத்தவர் என்று கேட்டவர் முடிவு கட்டிவிடுவார்.

2021 ஜூலையில் ருஷ்ய ஜனாதிபதி புதின் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ருஷ்யர்களும் உக்ரேனியர்களும் ஒரே ஜனங்கள் என்பது அதன் சாரம். வாலுயேவின் சுற்றறிக்கையைப் படித்தவர்களுக்கு அதன் குரல் புதிதாகத் தோன்றியிராது. அடுத்த பிப்ரவரியில் படைகள் புறப்பட்டன. ஆனால் 'யுத்தம்' என்று சொல்லப்படவில்லை. 'விசேஷ ராணுவ நடவடிக்கை' என்று பெயரிடப்பட்டது. யுத்தம், தாக்குதல், படையெடுப்பு ஆகிய சொற்களை எழுத வேண்டாம் என்று பத்திரிகைகளுக்கு உத்தரவு போயிற்று. மார்ச் 4-ஆம் தேதி புதிய சட்டம் வந்தது. ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டு வரையில் சிறை. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' நாவலுக்கு இனி 'விசேஷ நடவடிக்கையும் அமைதியும்' என்று பெயர் மாற்ற வேண்டும் என்று ஜனங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டார்கள். சிலர் ஒன்றுமே எழுதாத வெள்ளைக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றார்கள். அவர்களையும் போலீஸார் பிடித்துக்கொண்டு போனார்கள். எழுதாத சொல் எதுவென்று போலீஸாருக்கும் தெரிந்திருந்தது!

மாஸ்கோவில் ஒரு வட்டார மன்றம். அந்த மார்ச் மாதத்தில் குழந்தைகளுக்கான சித்திரப் போட்டி நடத்துவது பற்றி அங்கே பேச்சு வந்தது. உறுப்பினர் அலெக்சி கோரினோவ் எழுந்து, உக்ரேனில் குழந்தைகள் செத்துக்கொண்டிருக்கும்போது இங்கே சித்திரப் போட்டியா என்று கேட்டார். யுத்தத்தை யுத்தம் என்றே சொன்னார். ஜூலை மாதம் அவருக்கு 7 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அதே ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி பத்திரிகை நிருபர்களிடம் பேசிய ஜனாதிபதியின் வாயிலிருந்தே 'யுத்தம்' என்ற சொல் வந்து விழுந்தது. அப்படியானால் இவர் மீதும் வழக்குப் போடுங்கள் என்று பீட்டர்ஸ்பர்க் நகரத்து உறுப்பினர் ஒருவர் மனுக் கொடுத்தார். ஜனாதிபதி சிறைக்குப் போகவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரே சொல், சொன்னவர்கள் இருவர், ஒருவருக்குச் சிறை, மற்றவருக்குச் சிம்மாசனம். யார் சொன்னால் குற்றம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம்தான் அதிகாரம் இருக்கிறது.

இவற்றையெல்லாம் படித்துவிட்டு ருஷ்ய பாஷையையே வெறுத்து ஒதுக்க வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். உக்ரேனில் பலருக்கு அப்படித் தோன்றியும் இருக்கிறது. குண்டு விழுந்த வீட்டிலிருந்து வெளியே வந்தவர்களிடம் போய் நாம் நியாயம் பேச முடியாது. ஆனால் எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. சிப்பாய்கள் மரியாதை கேட்டது அந்தப் பாஷையில். தடையை நீக்கு என்று அறிஞர்கள் எழுதியது அந்தப் பாஷையில். கோரினோவ் தடுக்கப்பட்ட சொல்லை உச்சரித்ததும் அந்தப் பாஷையில்தான். அரண்மனைக்காரர்கள் பாஷையைத் தங்கள் சொத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். பத்திரம் என்னவோ பேசுகிறவர்கள் பெயரில்தான் இருக்கிறது.

போன பொங்கலன்று பையன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். படிப்பை வேறு தேசத்தில் முடித்துவிட்டான். கார்க்கிவ் பாட்டியோடு டெலிபோனில் பேசினதாகச் சொன்னான். அவள் இன்னும் அந்த ஊரில்தான் இருக்கிறாளாம். ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை, பலகை அடித்திருக்கிறதாம். இந்த வயதில் உக்ரேனிய பாஷை கற்றுக்கொள்கிறாளாம். பாதி வாக்கியம் போனதும் ருஷ்யச் சொல் வந்து புகுந்துவிடுகிறதாம். அதற்காகத் தன்னைத் தானே திட்டிக்கொள்கிறாள், அதுவும் ருஷ்ய பாஷையிலேயே!

"உன்னோடு எந்தப் பாஷையில் பேசினாள்?" என்று கேட்டேன்.

"நானும் அதைத்தான் கேட்டேன், மாமா. 'இனிமேல் உங்களோடு நான் ருஷ்ய பாஷையில் பேசலாமா?' என்றேன். பாட்டி சிரித்தாள். 'உனக்குத் தெரிந்தது அதுதானே, அதிலேயே பேசு. ஆனால் எங்கள் ஊருக்கு மட்டும் வ் போடு' என்றாள்."

"நீ என்றாளா, நீங்கள் என்றாளா?"

"நீ என்றுதான் சொன்னாள், மாமா. எப்போதும் அப்படித்தான் சொல்லுவாள்" என்றான் பையன்.